புத்தகத்தில் இல்லாத பை

பசுமாட்டின் வயிற்றுக்குள் போடுவதற்குப் பை தைக்கிற அம்மா ஒருவர் எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறார் என்று நான் வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் சொந்த மைத்துனரே, "மாமா, ரிட்டயர் ஆகிற வயசு வந்தாச்சு, எதுக்கும் ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க" என்றார். போகட்டும். அவரை நம்ப வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் டெய்லரம்மா அன்றைக்குச் செய்த காரியத்தை நாலு பேரிடம் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

என்னைத் 'தராசு' என்பார்கள். இருபத்தாறு வருஷமாக ஒரே அறை, ஒரே மேசை, கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் எடைக் கருவி. பக்கத்தில் நின்று மூச்சு விட்டாலே எண் ஆடும். ஆகவே கதவை யாராவது வேகமாகத் திறந்தால் எனக்குக் கோபம் வரும். மின்விசிறியைப் போட்டால் வரும். தும்மினால் கேட்கவே வேண்டாம். எடுத்த எடையை எல்லாம் நீல அட்டை போட்ட ஒரு பெரிய நோட்டில் எழுதுவேன். அதற்குப் 'புத்தகம்' என்று பெயர். புத்தகத்தில் இருந்தால் உண்டு, புத்தகத்தில் இல்லையென்றால் இல்லை. இது நானே போட்ட சட்டம். கடைசியில் அது என் தலையிலேயே வந்து விடிந்தது.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கோடையில் புல் காய்ந்துவிடும். ஆடு மாடு வைத்திருப்பவர்கள் வைக்கோலைப் போட்டு ஒப்பேற்றுவார்கள். வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. வைக்கோலில் நூறு பங்குக்கு மூன்று நான்கு பங்கு புரதம் இருந்தாலே பெரிய விஷயம். அந்த நேரத்திலும் மரங்கள் பாட்டுக்குப் பச்சையாக நிற்கின்றன. வாகை இலையைப் பறித்துக் காய வைத்துப் பார்த்தால் நூறுக்கு இருபதுக்குக் குறையாது. "அப்புறம் என்ன, வெட்டிப் போட வேண்டியதுதானே" என்பீர்கள். அங்கேதான் சங்கதி இருக்கிறது. சில இலைகளில் துவர்ப்பு அதிகம். அந்தத் துவர்ப்பு புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மாட்டுக்குக் கொடுக்காமல் சாணியோடு சாணியாக வெளியே போய்விடும். தாளில் இருக்கிற சத்து வேறு, மாட்டுக்குக் கிடைக்கிற சத்து வேறு. அதை மாட்டைத்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கென்று எங்களிடம் ஒரு மாடு உண்டு. பெயர் ஜன்னல்காரி. இடது விலாவில் ஒரு வட்டத் துளை, அதைச் சுற்றி ரப்பர் வளையம், அதற்கு ஒரு மூடி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் கால்நடை டாக்டர் அறுவை செய்து வைத்தது. முதல் தடவை பார்ப்பவர்கள் "ஐயோ பாவம்" என்று வாயில் கை வைப்பார்கள். அவளோ நாங்கள் மூடியைத் திறக்கும்போதும் ஆற அமர அசைபோட்டுக்கொண்டு நிற்பாள். இலைத்தூளைப் பொடிக் கண்ணுள்ள நைலான் துணியில் தைத்த சின்னச் சின்னப் பைகளில் போட்டு, ஒரு கயிற்றில் கோத்து, அந்த ஜன்னல் வழியாக உள்ளே விடுவோம். இரண்டு நாள் கழித்து இழுத்துக் கழுவிக் காய வைத்து எடை போடுவேன். கரைந்தது மாட்டுக்கு. மிச்சம் சாணிக்கு.

இந்தப் பைகள் முன்பெல்லாம் வெளியிலிருந்துதான் வரும். மூலையில் வெடித்துவிடும். இலைத்தூள் வெளியே கொட்டிவிடும், நான் எடை போட்டால் எல்லாம் கரைந்துவிட்டது போல் தெரியும். நான் குதித்த குதிப்பில் டைரக்டர், எதிர்ச் சாரியில் சட்டையும் சீருடையும் தைத்துக்கொண்டிருந்த அம்மாவை ஒருநாள் வேலைக்குக் கூட்டிவரச் சொன்னார். கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். "மாட்டு வயித்துக்குள்ளே போடற பைம்மா" என்று நான் விளக்கியதும், கொஞ்சமும் அசராமல், "சரிங்கண்ணே, மாடு எங்கே? அளவெடுக்கணுமே" என்றார்.

பிறகு வெடித்த பை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தார். "மூலையிலதானே வெடிக்குது? மூலையே இல்லாம தைச்சா என்ன?" என்றார். அடியை வளைத்து, இரட்டைத் தையல் போட்டு, கடைசி மூன்று தையலைத் திருப்பிப் போட்டுத் தந்தார். அதற்கப்புறம் ஒரு பை வெடித்ததில்லை. ஒருநாள் வேலைக்கு வந்தவர் எட்டு வருஷமாக எங்களோடுதான் இருக்கிறார். மிஷினையும் இங்கேயே கொண்டுவந்து போட்டாயிற்று.

பை தைப்பதோடு அவர் நிற்கவில்லை. ஒல்லியான நீளக் கை அவருக்கு. எங்கள் கையெல்லாம் முழங்கையோடு ஜன்னலில் இறுகிக்கொள்ளும், அவர் கை தோள்வரை போகும். கை வைக்காத மேலங்கி ஒன்றைத் தனக்கென்று தைத்துக்கொண்டு, "இருடி, கொஞ்சம் நகரு, உனக்குப் புதுசு கொண்டு வந்திருக்கேன்" என்று ஜன்னல்காரியோடு பேசிக்கொண்டே பைகளை உள்ளே விடுவார். அந்த வாடை இருக்கிறதே, எந்த சோப்புக்கும் அடங்காது. "எனக்கென்னண்ணே குறை, பஸ்ல பக்கத்து சீட்டு எப்பவும் காலிதான்" என்று சிரிப்பார். அவர் வீட்டுக்காரர் மெக்கானிக். "ஊர்ல எல்லாரும் மாட்டுக்கு மேலே துணி போர்த்துவாங்க, எங்க வீட்டு அம்மா உள்ளே போர்த்தறாங்க" என்பது அவருடைய நிரந்தர நக்கல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கோடைக்கு முன்னால், கால்நடை வைத்திருப்பவர்களுக்கு எந்த மரத்து இலையைத் தைரியமாகப் போடலாம் என்று ஓர் அறிவிப்பு அச்சடிக்க வேண்டியிருந்தது. கடைசியாகப் பார்க்க வேண்டியது வாகை. இரண்டு வாரமாக ஜன்னல்காரியின் தீவனத்தில் வாகைத் தழையைக் கலந்து பழக்கியிருந்தோம். ஒரு திங்கட்கிழமை காலை பதினெட்டுப் பைகளில் வாகைத் தூளை எடை போட்டு, பதினெட்டு வரி எழுதி முடித்தேன். டெய்லரம்மா பத்தொன்பதாவதாக ஒரு பையோடு வந்தார்.

"அண்ணே, பழைய நூல் இப்ப கிடைக்கறதில்லை. இது புது நூல். ரெண்டு நாள் உள்ளே தாக்குப்பிடிக்குதான்னு பார்க்கணும். இதையும் எழுதிக்குங்க."

"உள்ளே என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. காலிப் பைதான்."

"ஒண்ணும் இல்லாததுக்கு என் புத்தகத்துல எதுக்கும்மா ஒரு வரி? இலை இருந்தா கொண்டு வாங்க, எழுதறேன்."

"அடேங்கப்பா! ஒரு வரி எழுதினா பேனா தேஞ்சிடுமா? சரி விடுங்க, நான் ஞாபகம் வெச்சுக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே போனார். அந்தப் பையைக் கயிற்று நுனியில் புது நூலாலேயே கட்டி, மற்றதோடு சேர்த்து உள்ளே விட்டார்.

அன்று சாயங்காலமே அவருக்கு மருத்துவமனையிலிருந்து போன். வீட்டுக்காரருக்குக் கண் அறுவைக்கு நாள் கேட்டிருந்தார்கள், மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். புதன்கிழமை டாக்டர்தான் கயிற்றை இழுத்தார். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினெட்டு. புத்தகத்தில் பதினெட்டு, கையில் பதினெட்டு. சிவப்புப் பேனாவால் ஒரு டிக் அடித்துவிட்டு, வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜன்னல்காரி தீவனத் தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சனிக்கிழமை அசைபோடுவதை நிறுத்திவிட்டாள். இடது பக்கம் மத்தளம் மாதிரி உப்பியிருந்தது. டாக்டர் கனமான ஆள். முழங்கைவரை கையை விட்டுத் துழாவிப் பார்த்து, கம்பியோ பிளாஸ்டிக்கோ எதுவும் இல்லை என்றார். மருந்து கொடுத்தார், குழாய் விட்டுக் காற்றை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி உப்பிக்கொண்டது. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் ஒழுக, தலையைத் தொங்கப் போட்டு நின்றாள். எனக்குப் பார்க்கவே சகிக்கவில்லை.

"புது இலைதான் காரணம். வாகை ஒத்துக்கலை" என்று முதலில் சொன்னவன் நான்தான். வேறு காரணம் யாருக்கும் தோன்றவில்லை. அறிவிப்பிலிருந்து வாகையை அடித்துவிடச் சொன்னார் டைரக்டர். மாட்டைப் பற்றிக் கேட்டபோது, "வயசான மாடு. வாயில்லா ஜீவனை இப்படித் துடிக்க விடறது பாவம். நாளைக்கு மூணு மணி வரைக்கும் பார்ப்போம். மாற்றம் இல்லைன்னா ஊசி போட்டுடலாம்" என்றார். டாக்டர் தலையை ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை காலை டெய்லரம்மா வந்தார். ஒன்றும் தெரியாமல், "எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு பளிச்சுனு தெரியுதுண்ணே. அதுதான் வம்பு, சாப்பாட்டுல கிடக்கற முடியெல்லாம் இப்ப தெரியுதாம்" என்று சிரித்தபடி உள்ளே நுழைந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நான் நடந்ததைச் சொன்னேன். மூன்று மணி என்றும் சொன்னேன். கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார்.

பத்து நிமிஷம் இருக்கும். என் அறைக் கதவு படாரென்று திறந்தது. தராசில் எண் தாறுமாறாக ஓடியது.

"அண்ணே, என் பை எங்கே?"

"எந்தப் பை?"

"புது நூல் பை. காலிப் பை."

எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். "பதினெட்டு போச்சு, பதினெட்டு வந்தாச்சு. பாருங்க, நானே எண்ணி டிக் அடிச்சிருக்கேன்."

"நான் போட்டது பத்தொன்பதுண்ணே."

"புத்தகத்துல பதினெட்டுதானே இருக்கு?"

"புத்தகத்துல இல்லைன்னா மாட்டு வயித்துலயும் இல்லைன்னு ஆயிடுமா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் மனசுக்குள் ஓர் ஈனப் புத்தி எட்டிப் பார்த்தது. பேசாமல் இருந்தால் பழி வாகையோடு போய்விடும். மரம் வந்து சண்டை போடப் போகிறதா? ஒரு விநாடிதான் அப்படி நினைத்தேன். அந்த ஒரு விநாடிக்காக இன்றைக்கும் கூசுகிறேன். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

டைரக்டர் அறையில் டாக்டரும் இருந்தார். டெய்லரம்மா நேராக, "ஐயா, தப்பு என்னோடது. பை ஒண்ணு உள்ளேயே இருக்கு. வழுக்கற நூலுன்னு தெரியாம முடிச்சுப் போட்டது நான்தான்" என்றார்.

"அவங்க எழுதச் சொன்னாங்க. எழுத மாட்டேன்னு சொன்னது நான்தான் சார்" என்றேன். சொல்லும்போது குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் கையை விட்டுப் பார்த்தேனே! ஒண்ணும் இல்லையே!"

"நீங்க கம்பியைத் தேடினீங்க டாக்டர். நனைஞ்ச துணி உள்சுவத்தோட ஒட்டிக்கிட்டா கையில தட்டாது. அதுவும் இல்லாம, கோவிச்சுக்காதீங்க, உங்க கை உள்ளே போற கையா?"

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பத்தரை. மூணு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. எழுத்துல அப்புறம் குடுங்க ரெண்டு பேரும். முதல்ல மாட்டைப் பாருங்க" என்றார்.

உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுத்தால்தான் துழாவ முடியும். டெய்லரம்மா கை கையாக அள்ளிப் போட, டாக்டரும் நானும் தொட்டி தொட்டியாகச் சுமந்தோம். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கறை படாத என் வெள்ளை மேலங்கி அன்றைக்குப் பச்சையாகிவிட்டது. பாதி காலியானதும் அவர் கையைத் தோள்வரை விட்டார். கன்னத்தை மாட்டின் விலாவோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டார்.

"முன்பக்கம் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமா ஒரு சின்ன அறை இருக்கும். அதைத் தாண்டி அடுத்த வயித்துக்குப் போற வாசல். அங்கேதான் எதுவும் போய் அடைக்கும்" என்று டாக்டர் வழி சொன்னார்.

"தேன்கூடு கிடைச்சிடுச்சு. இன்னும் எட்டலை."

கால் மணி, அரை மணி. கை மரத்துப்போய் வெளியே எடுத்து உதறினார். மறுபடி விட்டார். மறுபடி எடுத்தார். மணி பன்னிரண்டு தாண்டியது. ஜன்னல்காரியின் கால் நடுங்க ஆரம்பித்தது.

"வயித்தைக் கீழேருந்து தூக்கிக் குடுத்தா எட்டும். அண்ணே, இப்படி வாங்க" என்றார். நானும் டாக்டரும் ஒரு பலகையை மாட்டின் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் தோளில் தாங்கி எழும்பினோம். "இன்னும் கொஞ்சம். அண்ணே, மூச்சைப் பிடிச்சுக்கங்க, தராசு கிட்ட நிக்கறதா நினைச்சுக்கங்க." அந்த நேரத்திலும் கிண்டல்! எனக்கு முதுகு ஒடிந்துவிடும் போலிருந்தது.

திடீரென்று அவர் அசையாமல் நின்றார்.

"என்ன? என்னம்மா?"

"என் தையல்" என்றார். கண்ணைத் திறக்கவில்லை. "இரட்டைத் தையல். விரல்ல தட்டுது. கடைசி மூணு திருப்பிப் போட்டிருக்கு... என்னோடதேதான்."

வெடுக்கென்று இழுக்காமல், தையலைப் பிரிப்பது போல மெல்ல மெல்ல நகர்த்தி வெளியே கொண்டுவந்தார். திரித்த கந்தல் மாதிரி, பச்சை நிறத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு துணி. இவ்வளவுதான். இதற்காகவா ஒரு மாடும் ஒரு மரமும் பலியாக இருந்தன! டெய்லரம்மா அதை வாளித் தண்ணீரில் அலசினார். கண்ணில் தண்ணீர் வழிய, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தையலைப் பார்த்தார். "நூல் பரவாயில்லை. ஒரு இழை பிரியலை. முடிச்சுதான் வழுக்கிடுச்சு" என்றார். டாக்டர் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மணி ஒன்று நாற்பது. எடுத்ததை எல்லாம் திரும்ப உள்ளே போட்டு மூடியை மூடினோம். மூன்று மணிக்கு டைரக்டர் கொட்டகைக்கு வந்தார். ஊசிப் பெட்டி கொட்டகைத் திண்டின் மேல் இருந்தது. யாரும் அதன் பக்கம் பார்க்கவில்லை. அப்போதுதான் ஜன்னல்காரி கழுத்தை நீட்டி ஓர் ஏப்பம் விட்டாள் பாருங்கள், கொட்டகையே நாறியது. அதைவிட நல்ல வாசனையை நான் இன்னும் முகரவில்லை. "நாளைக்குப் பார்ப்போம்" என்று டைரக்டர் அந்தப் பெட்டியைத் தாமே எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போனேன். எனக்கு முன்னால் டெய்லரம்மா வந்திருந்தார். ஒரு கையில் காய்ந்த புல், மறு கையில் வாகைத் தழை. ஜன்னல்காரி இரண்டையும் முகர்ந்தாள். வாகையைப் பிடித்து இழுத்தாள். தாடை இடமும் வலமுமாக அசைய ஆரம்பித்தது.

"இலையையா குறை சொன்னீங்க? பாருங்க, எப்படித் திங்கறாள்னு!" என்று என்னைப் பார்த்து ஒரு அதட்டுப் போட்டார். திட்டு வாங்கியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வாழ்க்கையில் கிடைத்ததில்லை. உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, அது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அழுதேன், மறைக்கவில்லை.

பதினெட்டுப் பைகளின் கணக்கும் வந்தது. வாகைத் தூளில் நூறுக்கு அறுபத்து நான்கு பங்கு கரைந்திருந்தது. அறிவிப்பில் அடித்த வரியை டைரக்டர் தம் கையால் மறுபடி எழுதினார். எங்கள் இருவருக்கும் நல்ல டோஸ் விழுந்தது, வாங்கிக்கொண்டோம். ஜன்னல்காரி நலமாக இருக்கிறாள். போன வாரம் என் நோட்டுத் தாள் ஒன்றைத் தின்றுவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு வேலை பாக்கி இருந்தது. காய்ந்த காலிப் பையைக் கூண்டுக்குள் வைத்து, எண் நிற்கும்வரை காத்திருந்து எடை எடுத்தேன். முந்தின வாரத்துப் பக்கத்தைத் திருப்பி, பதினெட்டுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பத்தொன்பது என்று எழுதினேன். காலிப் பை. உள்ளே போனது திங்கள். வெளியே வந்தது அடுத்த திங்கள், மணி ஒன்று நாற்பது. குறிப்புக் கட்டத்தில், 'எழுதாதது தராசின் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டெய்லரம்மா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தார். கதவை மெதுவாகத் திறந்துதான் வந்தார். வரியை ஒரு தடவை வாசித்தார். பிறகு, என் கையிலிருந்த பேனாவைக் கேட்காமல் எடுத்து, அதே கட்டத்தில் பொடி எழுத்தில் 'முடிச்சு டெய்லருடையது' என்று எழுதிவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். இருபத்தாறு வருஷத்தில் என் புத்தகத்தில் இன்னொருவர் கை பட்டது அதுதான் முதல் தடவை. மை காயட்டும் என்று புத்தகத்தைத் திறந்தே வைத்தேன்.